பிள்ளையார் இருக்கும் வீட்டைப் பூட்டாதே

கயத்தாற்றுக் கணினிக் கூடம் மட்டும் ஏன் இப்படிக் கரண்டைக் குடிக்கிறது என்று கண்டுபிடிக்கச் சென்னையிலிருந்து யூனிஸ் மேடம் வந்து இறங்கிய அன்று, ஆடிக் காற்று அம்மியைத் தேடிக்கொண்டிருந்தது. எங்கள் தலைமைப் பொறியாளர் இசக்கியப்பன் அண்ணாச்சி வாசலில் போட நீட்டிய சால்வை மேடத்தின் தோளுக்குப் போகாமல் பறந்து முள்வேலியில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்க ஓடியவர் மூச்சிரைக்கத் திரும்பி வந்து கேட்டார்.

"பிரயாணமெல்லாம் சௌரியமா இருந்துச்சா மேடம்?"

மேடம் அவரைப் பார்த்தார். முகத்தில் பாதியை முகக்கவசமும் கழுத்தைத் துப்பட்டாவும் மறைத்திருந்தன. புழுதி ஒத்துக்கொள்ளாதாம். ஒரு சின்ன இடைவெளி விட்டு, "நல்லா இருந்தது" என்றார்.

அந்த இடைவெளி எனக்குப் பிடிக்கவில்லை. பெரிய இடைவெளி ஒன்றுமில்லை, கண் சிமிட்டும் நேரம்தான். ஆனால் எதைக் கேட்டாலும் அது வந்தது. டீயா காப்பியா என்று கேட்டாலும் வந்தது. கேள்வியைத் தராசில் போட்டு, இவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டுமா என்று எடை பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பார் போல என்று நினைத்தேன். தலைமை அலுவலகத்துத் திமிர். எனக்கு அப்படிப்பட்டவர்களைக் கண்டால் ஆகாது.

மேடம் சாதாரண ஆளில்லை. எங்கள் கம்பெனியின் எல்லா ஊர்க் கூடங்களிலும் ஓடும் 'சிக்கனம்' என்ற நிரலை எழுதியவரே அவர்தான். மற்ற ஊர்களில் எல்லாம் அது கரண்டு செலவைச் சரிபாதியாக்கிவிட்டது. இங்கே ஒரு பைசா குறையவில்லை. சுற்றிலும் காற்றாலைகள் சுழன்றும் செலவு இறங்காவிட்டால் கூடத்தையே மூடிவிடலாம் என்ற பேச்சு மேலிடத்தில் கிளம்பியிருந்தது.

அண்ணாச்சி கூடத்தைச் சுற்றிக் காட்டினார்.

"சர்வரை நாங்க வீடுன்னு சொல்லுவோம் மேடம். அதுக்குள்ள ஓடுத மெய்நிகர் கணினியெல்லாம் குடித்தனம். ஒரு வீட்ல பல குடித்தனம். ஒண்ணு பேங்கோடது, ஒண்ணு ஆஸ்பத்திரியோடது. ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியாது. கரண்டு மட்டும் பொது."

இடைவெளி. "நல்ல பேரு. அப்போ சிக்கனம் என்ன செய்யணும்? பாதி காலியா இருக்கற வீட்டுக் குடித்தனங்களை எடுத்துக் கொஞ்ச வீட்ல நெருக்கி வெக்கணும். காலியான வீட்டைப் பூட்டி விளக்கை அணைக்கணும். இங்க விலை ஜாஸ்தின்னா குடித்தனத்தை வேற ஊருக்கே அனுப்பணும். குடித்தனம் மாறினது குடியிருக்கறவங்களுக்கே தெரியாது. அவ்வளவுதானே? அப்புறம் ஏன் இங்க ஒரு வீடுகூடப் பூட்டாம எரியுது?"

அண்ணாச்சி கூரையைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

மேடம் திரை முன் உட்கார்ந்தார். பிற்பகல் மூன்று மணிக்குள் பிடித்துவிட்டார்.

"ஒவ்வொரு வீட்லயும் பிள்ளையார்னு ஒரு குடித்தனம் இருக்கே. யாரு அவரு?"

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "புது வீடு வந்தா மொதல்ல பிள்ளையாரத்தான் குடி வைப்போம் மேடம். சின்ன மெஷின். ஒரு வேலையும் பாக்காது. சும்மா உக்காந்துருக்கும். அதுக்கப்புறந்தான் மத்த குடித்தனம். வெறும் வீட்ல பால் காய்ச்சாம ஆளு ஏத்தலாமா?"

"சரி. 'பிள்ளையார் இருக்கும் வீட்டைப் பூட்டாதே. பிள்ளையாரை இடம் மாற்றாதே'. இதை யாரு சிக்கனத்துக்கு எழுதிக் கொடுத்தது?"

"ஆயுத பூஜை அன்னிக்கு, சந்தனம் குங்குமம் வச்ச கையோட நாந்தான். சாமி இருக்கும்போது வெளக்க அணைக்கிறது நல்லதில்லல்லா? சொன்ன ஒடனே கேட்டுக்கிச்சு. பக்தியுள்ள புரோகிராமு."

அறையில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டோம். கோடிக்கணக்கில் செலவழித்து உலகத்தரமாக ஒரு நிரலை நிறுவி, வீட்டுக்கு ஒரு பிள்ளையாரை உட்காரவைத்து அதன் கையைக் கட்டிப்போட்டிருக்கிறோம். எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாருக்கு இது முடியும்? நாங்கள் சிரித்து ஓய்ந்த பிறகு மேடம் சிரித்தார். எல்லோரும் அடங்கிய பின் ஒற்றையாக வந்த அந்தச் சிரிப்பு எங்களைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருந்தது. அதையும் மனசில் குறித்துக்கொண்டேன்.

"பிள்ளையார்கள் எல்லாரையும் இப்பவே அழிச்சிடுங்க" என்றார் மேடம்.

நான் சட்டென்று எழுந்துவிட்டேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிள்ளையார்களில் ஒருவர் பிள்ளையார் இல்லை. அவர் என் வீட்டுக்காரரின் குரல்.

என் வீட்டுக்காரர் சங்கரலிங்கம், சங்கரன்கோவில் பூச்சந்தையில் ஏலம் விடுகிறவர். மல்லிக் கூடையைக் கண்டதும் அவர் வாயிலிருந்து விலை அருவிபோலக் கொட்டும். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. உயிர் பிழைத்தார், குரல்வளை போயிற்று. பிறகு குரல்துணை பொருத்தினார்கள். கழுத்தில் ஒட்டிய மெல்லிய பட்டை, அவர் சொல்ல நினைப்பதைத் தசையின் அசைவிலிருந்து பிடித்து எங்கள் கூடத்தில் இருக்கும் அவருடைய குடித்தனத்துக்கு அனுப்பும். அது அவர் பழைய குரலிலேயே பேச்சாக்கித் திருப்பி அனுப்ப, சட்டைப் பையிலிருக்கும் சின்ன ஒலிபெருக்கி பேசும். கூடம் பக்கத்திலேயே இருந்ததால் இயல்பாக இருந்தது. மறுபடி ஏலத்துக்குப் போனார். முதல் நாள் சந்தையே எழுந்து நின்று கைதட்டியது. நான் ஓரமாகப் போய் அழுதேன்.

அதற்கப்புறம் சிக்கனம் வந்தது. பிற ஊர்க்காரர்களின் குரல்களை எல்லாம் விலை குறைந்த இடத்துக்கு அள்ளிக்கொண்டு போனது. எங்கேயோ வடக்கே, பனி பெய்யும் ஊரில், குளிரூட்டச் செலவில்லாத கூடத்தில் நெருக்கி அடைத்தது. என் வீட்டுக்காரரின் முறை வருவதற்கு முதல் நாள் நான் அவருடைய குடித்தனத்தின் பெயரைப் 'பிள்ளையார்' என்று மாற்றிவிட்டேன். தப்பு என்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. பிள்ளையாருக்கும் அதில் ஆட்சேபம் இருந்திருக்காது.

இப்போது எல்லாப் பிள்ளையாரும் அழியப்போகிறார்கள். போனால் போனதுதான். குரலைத் திருடிப் பேசும் மோசடிகள் பெருகியதால், ஒருவர் குரலுக்கு ஒரே பிரதி என்று சட்டமே இருக்கிறது. நகல் கிடையாது.

"மேடம்" என்று வாயெடுத்தேன். அதற்குள் அண்ணாச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

"செவ்வாக்கெழம மேடம். ராகுகாலம் தொடங்கிட்டு. நாலரைக்கு மேல வச்சுக்கிடுவோம். சாமிய எறக்குதோம், நேரங்காலம் பாக்காம எறக்குனா எனக்கு ஒறக்கம் வராது."

இடைவெளி. "சரி. நாலரை" என்றார் மேடம்.

அண்ணாச்சியின் ராகுகாலத்தை நான் எத்தனை முறை கேலி பண்ணியிருப்பேன்! அன்றைக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

மேடம் பின்பக்கத் தாழ்வாரத்தில் நின்று காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். போய் நின்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். வேலை போகும் என்று தெரியும். போகட்டும்.

கேட்டு முடித்துவிட்டு அந்த இடைவெளியை விட்டார். "எவ்வளவு தாமதமாகும்னு தெரியுமா கோமதி? அரை நொடி. தூரத்தால பாதி, ஒரே வீட்ல நெருக்கறதால பாதி. குரல்துணை வெச்சிருக்கறவங்க அரை நொடியைப் பொறுத்துப்பாங்கன்னு அளந்து பாத்துத்தான் விதியில எழுதினது."

"யாரை வச்சு அளந்தீங்க?"

மேடம் காற்றாலைகள் பக்கம் திரும்பிக்கொண்டார். இம்முறை இடைவெளி நீளமாகவே இருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அரை நொடின்னா ஒங்களுக்கு ஒண்ணுமில்ல மேடம். ஏலக்காரனுக்கு அது ஆயுசு. நாளைக்கு விடிய சங்கரன்கோவில் சந்தைக்கு வாங்க. அப்புறம் ஒங்க விதியப் பேசுவோம்."

"வரேன். ஆனா விதிப்படி அவர் குரல் எங்க போகணுமோ அங்க போகட்டும். அப்போதான் நான் பாக்கறதுல அர்த்தம் இருக்கும்."

நாலரை மணிக்கு அண்ணாச்சி கற்பூரம் கொளுத்த முடியாத குறைக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டு பிள்ளையார்களை இறக்கினார். ஒருவரை மட்டும் இறக்கவிடாமல், அவருக்குப் பழைய பெயரை மறுபடி சூட்டினேன். அடுத்த நிமிஷமே சிக்கனம் அவரைத் தூக்கிக்கொண்டு பறந்தது. வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன. மின்விசிறிகளின் இரைச்சல் குறையக் குறைய, கூடத்தில் முதல்முறையாக ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்டது.

வீட்டுக்குப் போனதும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் வாய் அசைந்தது. பிறகு சத்தம் வந்தது. "போட்டும்ட்டி. ஒருநா தான, பாத்துக்கிடுவோம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்புச் சத்தம் வருவதற்குள் முகம் பழையபடி ஆகிவிட்டது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஆடித்தபசுத் திருவிழா நெருங்கியதால் மறுநாள் சந்தையில் கால் வைக்க இடமில்லை. மல்லியும் பிச்சியும் மலையாகக் குவிந்திருந்தன. மேடம் முகக்கவசத்தோடு டீக்கடை ஓரம் நின்றார். என் வீட்டுக்காரர் மரப்பெட்டி மேல் ஏறினார்.

பூ ஏலம் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பந்தாட்டம். வியாபாரி ஒரு விலை எறிவான். அது தரையில் விழுமுன் ஏலக்காரர் பிடித்து, ஒரு படி ஏற்றி, அடுத்தவன் பக்கம் எறிய வேண்டும். அன்றைக்கு எல்லாப் பந்தும் கீழே விழுந்தது. ஐநூறு என்று ஒருவன் கேட்டதை அவர் குரல் ஏற்பதற்குள் இன்னொருவன் அறுநூறு சொல்லிவிட்டான். குரல் அதற்குப் பிறகு ஐநூறு என்றது. சந்தை சிரித்தது. அவர் அவசரப்பட்டு அறுநூறு என்று வாயசைக்க, அது வெளியே வரும்போது ஒருவன் எழுநூறில் நின்றான். மூன்று தரமும் சொல்லிக் கூடையைத் தள்ளியபோது, நடுவில் அதிக விலை கேட்டவன் கத்தினான். பூ விளைவித்துக் கொண்டுவந்த சம்சாரி ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னவே லிங்கம், ஒறங்கிட்டா ஏலம் போடுதீரு? எம் பூவ அடிமாட்டு வெலைக்குத் தள்ளிட்டீரே!"

என் வீட்டுக்காரர் கழுத்துப் பட்டையைத் தடவிப் பார்த்தார். பெட்டியை விட்டு இறங்கிவிட்டார். வேறொருவர் ஏறினார். அருவி மாதிரி பேசிய மனுஷன், கூட்டத்துக்கு நடுவே பூக்கூடையைப் பார்த்தபடி சும்மா நின்றார். அந்த நிமிஷம் யூனிஸ் மேடத்தை நான் மனசார வெறுத்தேன்.

என் வீட்டுக்காரர் எங்களை நோக்கி வந்தார். மேடம் அப்போதுதான் டீ குடிக்க முகக்கவசத்தை இறக்கியிருந்தார்.

"மன்னிச்சுக்கோங்க சார்" என்றார் மேடம்.

என் வீட்டுக்காரர் மேடத்தின் வாயையே பார்த்தார். மரியாதையில்லாமல் இப்படி முறைக்கிறாரே என்று நான் முழங்கையால் இடித்தேன். அவர் உதடு அசைந்தது, பிறகு குரல் வந்தது.

"ஒங்க குரலும் அந்தப் பனி ஊர்லதான் இருக்கா மேடம்?"

நான் திரும்பிப் பார்த்தேன். மேடத்தின் உதடுகள் அசைந்து ஓய்ந்தன. அதற்கப்புறம்தான் சத்தம்.

"ஆமாம்."

கணவருக்குக் கழுத்தில் பட்டை ஒட்டிவிடுகிறவள் நான். முகக்கவசத்துக்குப் பின்னால் இருந்ததைத் திமிர் என்று நினைத்துக்கொண்டேனே!

"விபத்து" என்றார் மேடம். "ஆறு வருஷமாச்சு. ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது. கேட்டீங்களே கோமதி, யாரை வச்சு அளந்தீங்கன்னு. என்னை வச்சுத்தான். அரை நொடியில வேலைக்கு ஒண்ணும் குறையல. மீட்டிங்ல பேசினேன், புரோகிராம் எழுதினேன். அதனால பொறுத்துக்கலாம்னு எழுதிட்டேன். நான் எழுதின விதிக்கு நானே விலக்கு கேக்க முடியுமா?"

"மீட்டிங்ல சரி மேடம்" என்றார் என் வீட்டுக்காரர். "சண்டை போட முடியுமா?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயசைத்து, இரண்டு குரலும் ஒன்றோடொன்று மோதி, இரண்டு பேரும் நிறுத்தி, ஒருவருக்கொருவர் 'நீங்க சொல்லுங்க' என்று கையைக் காட்டி, மறுபடியும் சேர்ந்தே ஆரம்பித்தார்கள்.

"முடியாது" என்றார் மேடம் ஒருவழியாக. "சண்டை போட முடியாது. யாரையும் குறுக்க மறிச்சுப் பேச முடியாது. ஜோக்குக்கு நேரத்துல சிரிக்க முடியாது. எல்லாரும் முடிச்சப்புறம்தான் எனக்கு முறை வரும். எங்க அம்மாவே 'உனக்கு என்னடி இவ்ளோ பெரிய மனுஷத்தனம்'னு கேட்டாங்க. இதெல்லாம் அளக்கறதுக்கு என்கிட்ட கருவி இல்ல கோமதி. அதனால கணக்குல சேக்கல."

கண்ணீர் மட்டும் தாமதமில்லாமல் வந்தது. என் கண்ணிலும்தான்.

மேடம் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தார். விரல்கள் விறுவிறுவென்று ஓடின. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன செய்யுதீங்க?"

"சிக்கனத்துக்கு ஒரு வரி எழுதறேன். 'பேசுகிறவர் எந்த ஊரோ, குரலும் அந்த ஊர்ப் பக்கத்திலேயே இருக்கட்டும். அந்த வீட்டில் நெருக்காதே.' நாடு முழுக்க, குரல்துணை வெச்சிருக்கற எல்லாருக்கும்."

"செலவு கூடுமே மேடம். மேல கேப்பாங்கல்லா?" என்றேன். நேற்று திட்டியவளே இன்று அவருக்காகப் பயந்தேன்.

"உங்க பிள்ளையார்களை இறக்கினதுல மிச்சமானது எவ்வளவு தெரியுமா? நேத்து சாயங்காலம் பாதி கூடம் இருட்டாயிடுச்சு. அதோட பாத்தா இது பூக்காரம்மா கிள்ளிப் போடற கொசுறு. கேட்டா நானே பதில் சொல்லிக்கறேன்."

குடித்தனம் பெயர்வதற்கு ஒரு டீ குடிக்கும் நேரம் ஆகும். நாங்கள் டீ குடித்தோம். என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிப் பார்ப்பது போல, "ஒண்ணு, ரெண்டு" என்றார். உதடும் சத்தமும் ஒட்டிக்கொண்டன. "மூணு நாலு அஞ்சு ஆறு" என்று வேகம் பிடித்தார். டம்ளரை அப்படியே என் கையில் திணித்துவிட்டு ஓடினார்.

பெட்டிமேல் நின்றவரைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டு ஏறிக்கொண்டார். அப்புறம் கேட்க வேண்டுமா? எறிந்த விலை ஒன்றுகூடத் தரையில் விழவில்லை. சற்று முன் திட்டிய சம்சாரியின் அடுத்த கூடை எடுத்த எடுப்பில் மேலே ஏறியது. "இப்ப யாருவே ஒறங்குதா?" என்று அவர் ஏலத்துக்கு நடுவிலேயே கேட்க, சந்தை ஆரவாரித்தது. நானும் கைதட்டினேன்.

கைப்பேசி அடித்தது. இசக்கியப்பன் அண்ணாச்சி. மேடமும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டேன்.

"யம்மா கோமதி, லிங்கத்தோட குரல் திரும்பி வந்துட்டு, பாத்தேன். சந்தோசம். கூடவே வேற குரலெல்லாம் வந்து எறங்குதே! சரி, அது கெடக்கட்டும். மேடம் பக்கத்துல இருந்தா நைசா ஒண்ணு கேளு. குரல் இருக்க வீட்ட இனிமேப் பூட்டப்போறதில்லல்லா? அங்க மட்டுமாவது ஒரே ஒரு பிள்ளையார..."

"வெச்சுக்கோங்க அண்ணாச்சி! ஊருக்கு ஒரு பிள்ளையார் போதாதா?"

அண்ணாச்சி வாக்கியத்தை முடிக்கவே இல்லை. அதற்குள் பாய்ந்து வந்த குரல் அது. நான் சொல்லவில்லை.

யூனிஸ் மேடம் கழுத்தில் கை வைத்தபடி உறைந்துபோய் நின்றார். பேசுகிறவர் எந்த ஊரோ, குரலும் அந்த ஊர்ப் பக்கம். மேடம் நின்றது சங்கரன்கோவிலில். கூடவே வந்து இறங்கிய குரல்களில் ஒன்று யாருடையது என்று அவர் யோசித்துப் பார்க்கவே இல்லை போலிருக்கிறது.

மறுமுனையில் அண்ணாச்சி குழம்பிப் போனார். "அது யாருட்டி, ஊடால பேசுதது? நான் மேடத்துகிட்ட கேக்கச் சொன்னா, யார்கிட்டயோ குடுக்க?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேடமும் சிரித்தார், நான் சிரிக்கும்போதே.